தேய்த்தால் போகாத கறுப்பு

தஞ்சையை ஆண்ட நாயக்க மன்னர் ஒருவருக்கு எந்த வைத்தியத்துக்கும் மசியாத நோய். யாரோ செய்வினை வைத்து, உடம்பெல்லாம் ஊசி குத்திய புறா ஒன்றை அரண்மனைக்குள் ஒளித்துவைத்திருக்கிறார்கள். நாகூர் தர்காவின் ஞானி சாகுல் ஹமீது ஆண்டவர் அந்தப் புறாவைத் தேடி எடுக்கச் சொல்லி, ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறார். மன்னர் எழுந்து உட்காருகிறார். நாகூரில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை இது. தர்காவில் நேர்ச்சைக்காரர்கள் இன்றும் புறா பறக்கவிடுகிறார்கள். நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு. எனக்குப் பிடித்தது கதையின் துப்பறியும் புத்தி. நோவு மன்னருக்கு, ஊசி புறாவின் தோலில். அரண்மனை வைத்தியர்கள் மன்னரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நம் வீடுகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. தோலில் தெரிவதை எல்லோரும் பார்க்கிறோம், அதற்கே வைத்தியமும் செய்கிறோம். நோயோ கணையத்தில் இருக்கும், இரைப்பையில் இருக்கும், நரம்பில் இருக்கும்.

தர்காவின் ஷிபா குண்டா குளத்துக்குப் பக்கத்தில் மொட்டை போட்டுக்கொள்ளும் கூட்டத்தில் இந்துக்கள் உண்டு, முஸ்லிம்கள் உண்டு, வேளாங்கண்ணிக்குப் போகிற வழியில் இறங்கியவர்களும் உண்டு. தலையைக் குனியவைத்து, தண்ணீர் தெளித்து, பிடரியில் கத்தி வைக்கும் தொழிலாளி பார்க்கிற இடத்தை அந்தத் தலைக்குச் சொந்தக்காரர் ஆயுளில் ஒருமுறைகூட நேராகப் பார்த்திருக்க மாட்டார். கொஞ்சம் பருமனானவர்கள் சிலருக்கு அங்கே ஒரு கறுப்புப் பட்டை இருக்கும். தொட்டால் தடிப்பு, கோடு கோடாக மடிப்பு, ஓரத்தில் இரண்டு மூன்று சின்ன மருக்கள். அக்குளிலும் தொடை இடுக்கிலும் அதே நிறம். பிள்ளைகளுக்கு இருந்தால் “குளிக்கிற லட்சணத்தைப் பாரு” என்று அம்மாக்கள் பீர்க்கங்கூட்டை எடுத்துவிடுவார்கள். கடலை மாவு, பயத்தமாவு, எலுமிச்சைத் தோல் எல்லாம் வரிசையாக வரும். தோல்தான் சிவந்து எரியுமே தவிர, கறுப்பு போகாது. போகவும் முடியாது. அங்கே அழுக்கே இல்லை.

மருத்துவத்தில் இதற்கு அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்று பெயர். பெயர் இருக்கட்டும், உள்ளே நடப்பது சுவாரசியமானது. சாப்பிட்டதும் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையைத் தசைக்குள்ளும் கொழுப்புக்குள்ளும் அனுப்புவது இன்சுலின் வேலை. உடல் பருத்து, நடமாட்டம் குறைந்து, பரம்பரையும் சேர்ந்துகொண்டால், அந்தத் திசுக்கள் இன்சுலின் சொல்வதைக் கேட்பதில்லை. கணையம் சும்மா விடுமா? இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று சுரந்து தள்ளுகிறது. சர்க்கரை எப்படியோ கட்டுக்குள் நின்றுவிடுகிறது. மிதமிஞ்சிய இன்சுலின் மட்டும் இரத்தத்தில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. தோலின் செல்களில் ஐ.ஜி.எஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணிக்கான ஏற்பிகள் உண்டு. இன்சுலினும் அதுவும் ஒரே குடும்பம் என்பதால், அளவு கூடும்போது இன்சுலின் அந்த ஏற்பிகளிலும் போய் ஒட்டிக்கொள்கிறது. ‘வளர்’ என்ற கட்டளை கிடைத்த மேல்தோல் தடித்து மடிகிறது. நிறமி கூடியதைவிடத் தோல் தடித்து மடிந்ததால்தான் கறுப்பாகத் தெரிகிறது.

கவனிக்க வேண்டியது, இந்தக் கட்டத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை பல ஆண்டுகளுக்குச் சரியாகவே இருக்கக்கூடும் என்பது. “சுகர் டெஸ்ட் எடுத்தாச்சு, நார்மல்” என்று வீட்டில் நிம்மதியாக இருப்பார்கள். கணையம் இரட்டைச் சம்பளமில்லாமல் இரட்டை வேலை பார்த்துக்கொண்டிருப்பது அந்தச் சீட்டில் வராது, பிடரியில் வரும். எல்லாக் கறுத்த பிடரியும் நீரிழிவில் முடியும் என்று சொல்ல முடியாது. எடையைக் குறைத்தாலே பலருக்கு மங்கிவிடும். பெண்களுக்குச் சினைப்பை நீர்க்கட்டியோடும் இது சேர்ந்து வருவதுண்டு. எப்படியும், மாவு தேய்ப்பதைவிட இடுப்புச் சுற்றளவை அளந்து பார்ப்பது உபயோகமான காரியம்.

நாகூர்ப் பக்கத்துக்கு இது சின்ன விஷயமும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய நீரிழிவு ஆய்வு 2023இல் வெளியானபோது, 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் நீரிழிவு இந்திய அளவில் 11.4 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4 சதவீதம், புதுச்சேரியில் 26.3 சதவீதம். நாகூரைத் தாண்டினால் வாஞ்சூர், அப்புறம் காரைக்கால், அது புதுச்சேரிக் கணக்கு. எல்லைச் சாவடியைத் தாண்டியதும் கணையம் மாறிவிடாது என்பதால், நாகூர்க்காரர்கள் எந்த எண்ணைத் தங்களுடையதாக எடுத்துக்கொள்வது என்பது யோசிக்க வேண்டியதுதான்.

இதே கறுப்புக்கு இன்னொரு முகமும் உண்டு. 1890களில் ஐரோப்பிய மருத்துவர்கள் இதை முதலில் விவரித்தபோது அவர்களைப் பயமுறுத்தியது புற்றுநோய். சில நோயாளிகளின் வயிற்றுக்குள் கட்டி இருந்தது. இன்சுலினோடு உள்ள தொடர்பை ரொனால்ட் கானும் அவரோடு இருந்தவர்களும் அமெரிக்காவில் 1976இல்தான் தெளிவாக எழுதினார்கள். இன்று நூற்றில் பெரும்பாலானவை இன்சுலின் வகை. மெலிந்த உடம்புக்காரர், வயதானவர், எடை இறங்கிக்கொண்டே வருகிறது, கறுப்பு சில வாரங்களில் திடுதிப்பென்று படர்கிறது, உள்ளங்கையும் தடிக்கிறது, வாய்க்குள்ளும் வருகிறது என்றால் அது பழைய வகையாக இருக்கலாம். முதல் சந்தேகம் இரைப்பையின் மேல் விழும்.

வெயிலில் நிற்பவர்கள் ஊரில் எது வெயில், எது நோய் என்று எப்படிப் பிரிப்பது? நாகப்பட்டினம் துறைமுகத்தில் படகை விட்டு இறங்குகிறவர்கள் சட்டையைக் கழற்றினால் பதில் தெரியும். வெயில் கறுப்பு பனியன் விளிம்போடு நின்றுவிடும். முகம், முன்கை, கழுத்தின் முன்பக்கம் எல்லாம் ஒரு நிறம், மறைத்த இடமெல்லாம் பிறந்த நிறம். உள்ளிருந்து வருகிற கறுப்புக்கு இந்த எல்லைக்கோடு தெரியாது. அக்குள், உள்ளங்கை ரேகை, ஈறு என்று வெயிலே படாத இடங்களைத் தேடிப் போகும். தாமஸ் அடிசன் 1855இல் லண்டனில் விவரித்த அட்ரினல் சுரப்பி நோய் அப்படித்தான் தன்னைக் காட்டிக்கொடுத்தது. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி வைத்த மாதிரி உட்கார்ந்திருக்கும் அந்தச் சுரப்பியை அப்போது பெரும்பாலும் காசநோய் அரித்திருந்தது. இந்தியாவில் இன்றும் அந்த நோய்க்குக் காசநோய் ஒரு காரணம். மாநிறத்தவருக்கு முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. உள்ளங்கையை விரித்து ரேகைகளைப் பார்க்க வேண்டும். கைரேகை ஜோசியர்களுக்கு வாய்க்காத வேலை.

கைவிரலுக்கு வந்தாயிற்று. இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டிய கதை வேலூரில் நடந்தது.

1960களின் தொடக்கத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கர் என்ற ஆஸ்திரேலியர் இரத்தச் சோகையையும் குடல் உறிஞ்சுதல் கோளாறுகளையும் ஆராய்ந்துகொண்டிருந்தார். குழந்தைகள் பிரிவில் ஜாதவ், வெப் ஆகியோரோடு சேர்ந்து 1962இல் ‘லான்செட்’ இதழில் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். தாய்ப்பால் மட்டுமே குடித்து வளர்ந்த கைக்குழந்தைகள். பார்க்கக் கொழுகொழுவென்று இருந்தாலும் முகத்தில் உயிரில்லை. சிரித்த பிள்ளை சிரிப்பை மறந்திருந்தது, தலை நின்ற பிள்ளைக்குத் தலை நிற்கவில்லை. கைகால்கள் தன்னிச்சையாக அசைந்தன. கூடவே கைகால் தோலில் கறுப்பு. தாய்மார்களுக்கு வைட்டமின் பி-12 இல்லை, அதனால் பாலிலும் இல்லை. பி-12 கொடுத்ததும் குழந்தைகள் தேறினார்கள்.

மறுவருடம், 1963இல், பேக்கர், இக்னேஷியஸ், ஜான்சன், வைஷ் நால்வரும் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் பெரியவர்களைப் பற்றி எழுதினார்கள். பி-12 குறைந்தவர்களுக்கு விரல் முட்டிகளின் மேல்தோல் கறுத்துவிடுகிறது. விரல் நுனி, உள்ளங்கை ரேகை, பாதம், சிலருக்கு வாயின் உட்புறம். மருந்து கொடுத்தால் சில வாரங்களில் மங்கத் தொடங்குகிறது. ஆகவே தோல் கறுப்பு என்பது பி-12 குறைபாட்டின் அறிகுறி என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார்கள்.

இதில் பெருமைப்பட ஒன்று இருக்கிறது. மேல்நாட்டுப் பாடநூல்கள் இந்த நோயாளியின் தோலை எலுமிச்சை மஞ்சளாக வெளிறியது என்று வர்ணித்துக்கொண்டிருந்தன. வெள்ளைத் தோலுக்கு அது சரி. வேலூர் வார்டில் படுத்திருந்த கூலி விவசாயியிடம் எலுமிச்சையைத் தேடினால் எங்கே கிடைக்கும்? அவர் கையில் வேறு ஒரு சேதி எழுதியிருந்தது. அதைப் படிக்க அந்தத் தோலைத் தினமும் பார்க்கிற கண் வேண்டியிருந்தது. இந்தக் குறை அப்போதோடு தீரவில்லை. லண்டனில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த மலோன் முக்வெண்டே என்ற மாணவர், கறுத்த தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்று காட்டும் கையேட்டை ஆசிரியர்களோடு சேர்ந்து 2020இல்தான் வெளியிட வேண்டியிருந்தது. ‘சிவந்த தடிப்பு’ என்று புத்தகம் சொல்வது நம் மேல் ஊதாவாகவோ கரும்பழுப்பாகவோ தெரியும், சில சமயம் தொட்டால் தெரியும் சூடாக மட்டுமே இருக்கும்.

பி-12 குறைந்தால் ஏன் கறுக்கிறது? நிறமி தயாரிக்கும் டைரோசினேஸ் என்ற நொதியைக் கடிவாளம் போட்டு வைத்திருப்பது குளூட்டாதயோன். பி-12 குறையும்போது அதன் அளவு இறங்குகிறது, நொதி துள்ளுகிறது, மெலனின் கூடுகிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். நிறம் கூடுவதோடு முடிந்தால் பரவாயில்லை. இதே வைட்டமின்தான் நரம்புகளின் உறையையும் பராமரிக்கிறது. பாதத்தில் எரிச்சல், மரமரப்பு, இருட்டில் நடந்தால் தடுமாற்றம், மறதி என்று அது தண்டுவடம் வரை போகும். நாள் கடந்தால் முழுதாகத் திரும்பாது. ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே நரம்பு கெடக்கூடும். பி-12ஐ விட்டுவிட்டு ஃபோலிக் அமில மாத்திரை மட்டும் விழுங்கிவந்தால் இரத்தம் தேறிவிடும், நரம்பு அதுபாட்டுக்குக் கெட்டுக்கொண்டிருக்கும்.

பி-12 தாவரத்தில் கிடையாது. மீன், இறைச்சி, முட்டை, பாலில்தான். அப்படியானால் மத்தியும் கானாங்கெளுத்தியும் தினப்படி குழம்பாகிற நாகூரில் இந்தக் குறை ஏன் வர வேண்டும்? உணவால் வருவது இங்கே குறைவாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் தட்டில் இருப்பதெல்லாம் இரத்தத்துக்குப் போய்விடாது. பி-12 முதலில் இரைப்பை அமிலத்தில் உணவிலிருந்து பிரிய வேண்டும். இரைப்பை சுரக்கும் ஒரு புரதத்தோடு சேர வேண்டும். பிறகு சிறுகுடலின் கடைக்கோடியில் உள்ளே ஏற வேண்டும். நெஞ்செரிச்சலுக்கு வருடக்கணக்கில் காலையில் ஒரு அமிலத் தடுப்பு மாத்திரை போடுபவருக்கு முதல் படியிலேயே தடங்கல். வயதானால் இரைப்பையே மெலிகிறது. நீரிழிவுக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் மெட்ஃபார்மின் கடைசிப் படியைக் கெடுக்கிறது. கல்லீரலில் சில வருடங்களுக்கான சேமிப்பு இருப்பதால் இது உடனே தெரியாது. இப்படி யோசித்துப் பாருங்கள்: முப்பது வயதில் பிடரி கறுத்தவர், நாற்பதில் நீரிழிவு வந்து மெட்ஃபார்மின் தொடங்குகிறார், ஐம்பதில் விரல் முட்டி கறுக்கிறது, கால் எரிகிறது. “சுகர் இருந்தா கால் எரியத்தானே செய்யும்” என்று அதையும் நீரிழிவுக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். மெட்ஃபார்மினைத் தானாக நிறுத்தக் கூடாது. பி-12 அளவைப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

பெண்களின் கையில் இதைக் கண்டுபிடிப்பதற்கு இன்னொரு இடைஞ்சல் மருதாணி. பெருநாளும் கல்யாணமும் தர்காவின் கந்தூரி விழாவும் வரும் மாதங்களில் விரல் நுனி, நகம், முட்டி எல்லாம் செவசெவ என்று இருக்கும்போது நிறமாற்றத்தை யார் பார்ப்பது? நாக்கை நீட்டச் சொன்னால் தெரியும். பி-12 குறைந்த நாக்கு வழவழவென்று தோல் உரிந்த மாதிரி, காரம் பட்டால் எரியும்.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் வருடக்கணக்கில் வளர்பவை. நாள் கணக்கில் கொல்லக்கூடிய ஒன்றுக்கும் தோலில் தடயம் உண்டு. மழைக்காலம் முடிந்து பனி இறங்கும் மாதங்களில் வரும் உண்ணிக் காய்ச்சல். புதரிலும் வரப்புப் புல்லிலும் இருக்கும், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவுள்ள உண்ணியின் இளம்புழு கடிக்கும்போது ஒரு நுண்ணுயிர் உள்ளே போகிறது. பத்து நாள் வாக்கில் கடும் காய்ச்சல், தலைவலி. டெங்கு, டைஃபாய்டு, மலேரியா என்று வரிசையாகச் சோதிப்பார்கள். கவனிக்காமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று தாக்கும். வேலூர் மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளிடம் பார்த்தபோது நூற்றில் நாற்பது பேருக்கு மேல் உடம்பில் ஓரிடத்தில் சிகரெட்டால் சுட்டது போன்ற கருப்புப் பொருக்கு இருந்தது. வலிக்காது, அரிக்காது. அதனால் நோயாளி சொல்லவும் மாட்டார். அது இருக்கும் இடங்களோ அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழ், பாவாடை நாடா கட்டும் இடம். ஈரமான மடிப்பில் பொருக்குத் தட்டாமல் சின்னப் புண்ணாகவே நின்றுவிடுவதும் உண்டு. நெரிசலான ஓ.பி.யில், திரைச்சீலை இல்லாத மேசையில், வெட்கப்படும் பெண்ணிடம் இதைத் தேடுவது எவ்வளவு சாத்தியம் என்பது மருத்துவம் தாண்டிய கேள்வி. வீட்டில் குளிக்கும்போது அவரே தேடிப் பார்க்கலாம். பொருக்கு கண்ணில் பட்டுவிட்டால், டாக்ஸிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரையிலேயே இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கத் தொடங்கும்.

வெளுப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தேமல் என்று ஒதுக்கப்படும் வெளிர்ந்த திட்டுகளில் பெரும்பாலானவை தேமலேதான். செதில் உதிரும், லேசாக அரிக்கும். ஒரே ஒரு திட்டு, அரிப்பில்லை, அங்கே வியர்ப்பதில்லை, முடி உதிர்ந்திருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டால் பஞ்சு தொடுவது தெரியவில்லை என்றால் அது தொழுநோயாக இருக்கலாம். அந்தக் கிருமி நிதானமானது. ஒரு முறை இரட்டிக்கவே இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும், நோய் வெளிப்பட ஐந்து வருடம்கூட ஆகும். தோலில் தெரிவது அதன் முகவரி மட்டும்; அது குடியிருப்பது நரம்பில். கும்பகோணத்தை அடுத்த சாக்கோட்டைத் தொழுநோய் மருத்துவமனையை இந்த வட்டாரத்தில் அறியாதவர்கள் குறைவு. தேசிய அளவில் நோய் ஒழிப்பு இலக்கை 2005 டிசம்பரில் எட்டிவிட்டதாக அறிவிக்கப்பட்டதிலிருந்து, இளம் மருத்துவர்கள் இதை நினைவில் வைத்திருப்பது குறைந்துவிட்டது. புதிய நோயாளிகள் மட்டும் வருடாவருடம் வந்துகொண்டிருக்கிறார்கள். கூட்டு மருந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம்.

இவ்வளவு தடயங்களும் மருத்துவரிடம் போய்ச் சேர்வதற்கு முன் கடந்து வர வேண்டிய இடம் ஒன்று உண்டு: மருந்துக்கடைக் கல்லா. “முகத்துல கறுப்பு, ஒரு க்ரீம் குடுங்க.” கிடைப்பதில் பல, வீரியமான ஸ்டீராய்டு கலந்த களிம்புகள். எதுவாக இருந்தாலும் முதல் வாரம் மங்கும். படர்தாமரை உருவம் மாறிப் பரவும். தோல் மெலிந்து இரத்தக் குழாய்கள் தெரியும். தொழுநோய்த் திட்டோ வேறெதுவோ, தன் அடையாளத்தை இழந்து நிற்கும். வீரியமுள்ள இந்த ஸ்டீராய்டுக் களிம்புகள் சிலவற்றை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018இல் விதி கொண்டுவந்தது. விதி இருக்கிறது, களிம்பும் கிடைக்கிறது.

இன்னும் மோசமான திருப்பம் கேரளத்தில் நடந்தது. மலப்புரம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில் 2021 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் இடையே ஒருவகைச் சிறுநீரக வடிகட்டிப் பாதிப்போடு 22 பேர் வந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு இருந்தது பொதுவாக அரிதாகக் காணப்படும் ஓர் உள்வகை. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகுக் களிம்பு பூசியதாக ஒப்புக்கொண்டார்கள். சந்தேகம் பாதரசத்தின் மேல். மெலனின் தயாரிப்பைத் தடுக்கப் பாதரச உப்பைக் கலக்கிறார்கள். அது தோல் வழியே இரத்தத்தில் இறங்கிச் சிறுநீரகத்தில் போய் உட்காருகிறது. பெரும்பாலானவர்களுக்குக் களிம்பை நிறுத்தியதும் நோய் தணிந்தது. உள்நோயைக் காட்டிக்கொடுக்க வந்த தோல், அதை வெளுக்கப் போனதால் உள்நோய்க்கு வழியாகிவிட்டது.

சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று பிள்ளைகள் பிழைக்கப் போன ஊர் நாகூர். விடுமுறைக்கு வருகிறவர்களின் பெட்டியில் சாக்லேட்டோடும் கோடாலித் தைலத்தோடும் பெயர் தெரியாத டப்பா க்ரீம்களும் வந்து இறங்கும். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று உறையில் எழுதியிருக்காது. காலையில் கண்ணிமை வீங்குகிறது, கணுக்கால் உப்புகிறது, சிறுநீரில் நுரை கட்டி நிற்கிறது என்று மருத்துவமனைக்குப் போகிறவர் அந்த டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு போகலாம். நாள்பட ஸ்டீராய்டு பூசியவர்கள் மட்டும் திடீரென்று நிறுத்தினால் முகம் எரிந்து சிவந்து முன்பைவிட மோசமாகும். எப்படிக் குறைப்பது என்பதைத் தோல் மருத்துவரிடம் கேட்டு, அதன்படி நிறுத்துவது நல்லது.